மாதிரிக்கு ஒரு மரணம்

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டே இருக்கிறார், ஒரு கை மேலே போகிறது, ஒரு கை கீழே வருகிறது, நடுவில் பழுப்புக் கயிறுபோல டீ தொங்குகிறது, தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சீக்கிரம் குடுங்கண்ணே என்கிறேன், சாலைக்கு அந்தப்புறம் பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் என் கணவர், ஒரு வாய் டீ குடேன் என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அப்புறம் தர்றேன், அப்புறம் தர்றேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், மனசு கேட்காமல், உதட்டையாவது நனைத்துவிடலாம் என்று இறங்கி வந்திருக்கிறேன், டீ கைக்கு வருகிறது, படி ஏறுகிறேன், டம்ளர் சுடுகிறது, கட்டிலைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். இந்த இடத்தில் நான் நிறுத்த வேண்டும். நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஒருமுறை பார்த்து, பிறகு குரலைத் தாழ்த்தி, ஒருவர் கேட்கும் சின்ன ஆசையைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் நம்புகிறேன், என்று முடிக்க வேண்டும். முடித்தேன். முன்வரிசையில் ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தி அந்த இடத்தில் துடைத்துக்கொள்கிறாள், பார்த்தீங்களா பிள்ளைகளா, இதுதான் மாதிரி, முதலில் உங்களுக்கு நடந்தது, அப்புறம் அதிலிருந்து நீங்கள் எதை நம்புகிறீர்கள், இப்படித்தான் நீங்களும் சொல்லணும் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டேன், சாக்பீஸ் உடைந்தது, குனிந்து எடுக்க அலுப்பாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

மே மாதம் வந்தால் இதுதான் எனக்கு வேலை, பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபின், சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளைக்காகப் பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறேன், பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாத பிள்ளைகளைப் பல ஊர்களிலிருந்து திருச்சிக்கு வெளியே ஒரு தியான இல்லத்துக்குக் கூட்டி வருவார்கள், மூன்று நாள் தங்கவைப்பார்கள், கடைசி நாள் அறக்கட்டளையின் பெரியவர்கள் காரில் வந்து இறங்குவார்கள், அவர்களுக்கு முன்னால் ஒவ்வொருவரும் மைக்கைப் பிடித்துத் தன் கதையைச் சொல்லி, தான் எதை நம்புகிறேன் என்றும் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டுப் பாதிப் பேரை எடுத்துக்கொள்வார்கள், பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிப் போவார்கள். எடுக்கப்பட்டவர்கள் நர்ஸாகவும் இன்ஜினியராகவும் ஆகியிருக்கிறார்கள், தீபாவளிக்கு போன் செய்கிறார்கள், நல்ல காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எத்தனை அப்பாக்கள். பனையிலிருந்து விழுந்த அப்பா, லாரியோடு கவிழ்ந்த அப்பா, குடித்துக் குடித்து ஈரல் போன அப்பா, கடன்காரன் வந்த அன்று கிணற்றுக்குள் போன அப்பா, அவர்களை எல்லாம் நான் திருத்தியிருக்கிறேன், கண்ணு, முதலிலேயே செத்துட்டாருன்னு சொல்லாதே, அவர் அன்னைக்குக் காலையில என்ன சட்டை போட்டிருந்தாரு, அதிலேருந்து ஆரம்பி, அழுகை வந்தா அடக்காதே, ஆனா பேச்சு நிக்கக் கூடாது, என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வருடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன, இப்போது பனையிலிருந்து விழுந்தவர் லாரி ஓட்டுகிறார், ஈரல் போனவர் கிணற்று மேட்டில் நீலச் சட்டையோடு நிற்கிறார், எந்தப் பிள்ளைக்கு எந்த அப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

சாக்பீஸ் உடைந்த அந்த வருடம் வந்தவள் யோகலட்சுமி, வேதாரண்யம் பக்கம், நெற்றியில் கருப்புப் பொட்டு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, நர்ஸிங் படிக்க வேண்டும் என்று வந்திருந்தாள். அப்பா உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவர், பெரிய புயல் அடித்தபோது பக்கத்து வீட்டுப் பசுவை அவிழ்த்துவிடப் போனவர்மேல் தென்னை விழுந்துவிட்டது, அவள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அவள் விண்ணப்பத்தில் இருந்தது, படித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, பசு, தென்னை, புயல், இந்தப் பிள்ளைக்கு நான் அதிகம் சொல்லித்தர வேண்டியதில்லை, இவள் பேசினாலே போதும். முதல் நாள் பயிற்சியில் எழுந்து நின்றாள், வணக்கம் சொன்னாள், என் பெயர் யோகலட்சுமி என்றாள், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள், பயமா இருக்காம்மா என்றேன், இல்ல டீச்சர் என்றாள், அப்போ சொல்லேன், புயல் அன்னைக்குச் சாயங்காலத்திலேருந்து ஆரம்பி என்றேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் எதுவும் இல்லை, வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவளிடம் இன்னும் கொஞ்சம் நடக்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி இருந்தது, அது வேணாம் டீச்சர் என்று உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன், ஏம்மா, எல்லாருந்தான் சொல்றாங்க, உனக்கு மட்டும் என்ன. அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், நான் சொல்லாம இருந்தவ இல்ல டீச்சர், ரொம்ப சொல்லிட்டேன், புயல் முடிஞ்ச ஒடனே டிவிக்காரங்க வந்தாங்க, சொன்னேன், அப்பறம் ஆபீசருங்க வந்தாங்க, வீடு கட்டித் தர்றவங்க வந்தாங்க, ஸ்கூல்ல மேடை ஏத்தி சொல்லச் சொன்னாங்க, ஒவ்வொரு வருசமும் புயல் வந்த நாளைக்கு யாராச்சும் வந்து கேப்பாங்க, அம்மாவுக்கு வாய் வராது, நாந்தான் சொல்லுவேன், நல்லா சொல்லுவேன் டீச்சர், எந்த எடத்துல நிறுத்துனா அழுவாங்கன்னு எனக்குத் தெரியும். அவள் குழாயைத் திறந்து மூடினாள், பிறகு சொன்னாள், போன தைப்பொங்கலுக்கு அப்பாவ நெனச்சுப் பாத்தேன், சிரிச்ச மொகமா ஒண்ணு வேணும்னு தேடுனேன், வரவே இல்ல டீச்சர், தென்ன மரந்தான் வருது, கயத்தப் புடிச்ச கைதான் வருது, மத்ததெல்லாம் போயிடுச்சு, அவரு எப்புடி சிரிப்பாருன்னு அம்மாக்கிட்ட கேக்கவும் பயமா இருக்கு, அதுக்கும் தெரியலன்னா.

அன்று பிற்பகல் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு என் அறையில் கொஞ்சம் சாய்ந்தேன், தூக்கமா, தூக்கம் இல்லையா, வகுப்பறைக் கதவு திறந்துகொண்டது, கடைசி பெஞ்சுகளில் அப்பாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் தலைமுடியிலிருந்து கிணற்றுத் தண்ணீர் சொட்டுகிறது, ஒருவர் தோளில் லாரி டிரைவர் துண்டு, ஒருவர் கயிற்றைக் கையில் சுற்றியபடி, எல்லாரும் பேர் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள், இத்தனை வருடமும் நான் வரச்சொல்லி வந்தவர்கள், போ என்று யாரும் சொல்லாததால் போகாதவர்கள், அவர்களுக்கு நடுவில் என் கணவரும் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார், களைத்திருக்கிறார், என்னைப் பார்த்து, இன்னைக்கும் மழையா என்று கேட்கிறார். விழித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது, பெங்களூரில் இருக்கும் என் மகனுக்கு போன் போட்டேன், செல்வா, அப்பா போன அன்னைக்கு மழை பெஞ்சுதாடா. அவன் ஆபீசில் இருந்தான், என்னம்மா திடீர்னு என்றான், சொல்லேன் என்றேன், மழையா, ஏதும்மா மழை, சித்திரை வெயில், மாமா என்னை வீட்டுலேருந்து அப்படியே வண்டியில தூக்கிப் போட்டுட்டு வந்தாரு, செருப்பு போடலை, ஆஸ்பத்திரி வாசல்ல தார் ரோடு கால்ல ஒட்டுச்சு, தாண்டித் தாண்டி ஓடி வந்தேன், உனக்கு ஞாபகமில்லையா, உடம்பு நல்லாருக்கா உனக்கு, என்றான். நல்லாருக்கேன்டா, சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

மழை எப்போது வந்தது. முதல் வருடம் சொன்னபோது இருந்திருக்காது, பிள்ளைகள் முன்னால் சொல்லச் சொல்ல ஏதோ ஒரு வருடம் ஒரு தூறலாக உள்ளே நுழைந்திருக்க வேண்டும், நன்றாக இருந்திருக்கும், அப்படியே விட்டிருப்பேன், பிறகு தகரக் கூரை வந்திருக்கும், முந்தானை நனைந்திருக்கும், நான் பொய் சொல்லவில்லை, எனக்கு மழை கேட்கிறது, இப்போதும் கேட்கிறது, அதுதான் கஷ்டம், வெயிலை என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவரைத் தேடினேன், டம்ளர் வந்தது, படி வந்தது, கட்டிலைச் சுற்றி நின்ற முதுகுகள் வந்தன, அதற்கு முன்னால் அவரோடு வாழ்ந்த வருடங்கள் எல்லாம் எங்கே, ஒரே வீட்டில், ஒரே சாப்பாடு, ஒரே சண்டை, அதிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு சாயங்காலம், எதுவும் எழுந்து வரவில்லை, அது வேணாம் என்று உட்கார்ந்துகொண்ட அந்தப் பிள்ளையின் பார்வை எங்கிருந்து வந்ததென்று அப்போது எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டியூப்லைட்டிலிருந்து ஒரு பல்லி மேசைமேல் பொத்தென்று விழுந்தது, பெண்பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்தார்கள், சட்னிக் கிண்ணம் கவிழ்ந்தது, யோகலட்சுமி மட்டும் எழுந்திருக்கவில்லை, இடது கையால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பேப்பரை மடித்துப் பல்லியை அதில் ஏற்றிக்கொண்டு, வாசலுக்குக் கொண்டுபோய்ச் செடியில் உதறிவிட்டு வந்தாள், வந்து உட்காரப் போனவள் பாதியில் நின்றாள், வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பக்கத்தில் போனேன், சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கிறாள், டீச்சர், டீச்சர், எங்கப்பாவுக்குப் பல்லின்னா பயம் டீச்சர், மறந்தே போயிட்டேன், எப்புடி மறந்தேன், கட்டுலு மேல ஏறி நிப்பாரு டீச்சர், என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், இட்லித் துணுக்கு ஒட்டிய விரல்கள், விடவே இல்லை.

முகாமை நடத்துகிறவர் சம்பந்தம், நல்ல மனிதர், பிள்ளைகளின் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடச் சமையல்காரரிடம் போய் நிற்பவர், அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார், டீச்சர், அந்த வேதாரண்யம் பொண்ணு பல்லி கதை சொல்லப் போகுதாமே. ஆமா சார் என்றேன். என்ன டீச்சர் நீங்க, இத்தனை வருசமா பாக்கறீங்க, அந்தப் புள்ளைக்கு இருக்கற மாதிரி ஒரு விசயம் யாருக்கு இருக்கு, எந்திரிச்சுச் சொன்னாப் போதும், சீட்டு அதுக்குத்தான், பல்லியச் சொல்லி என்னத்துக்கு ஆகும், பெரியவங்க அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க, கஷ்டம் என்னன்னு கேக்கத்தானே வர்றாங்க. கஷ்டம் பேப்பர்ல இருக்கே சார் என்றேன். பேப்பர யாரு படிக்கறா டீச்சர் என்றார், குரலில் எரிச்சல் இல்லை, அந்தப் பிள்ளைமேல் இருந்த அக்கறைதான் தெரிந்தது, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும் என்றார். நான் போனேன், அவளைக் கூப்பிட்டு, கண்ணு, சம்பந்தம் சார் சொல்றது பொய் இல்ல, பல்லியைச் சொன்னா சீட்டு கிடைக்காமப் போகலாம், அதை உனக்குத் தெரியாம நான் மறைக்கக் கூடாது, என்றேன், அவள் கொஞ்ச நேரம் சடை நுனியை உருட்டிக்கொண்டிருந்தாள், நீங்க என்ன செய்வீங்க டீச்சர் என்று கேட்டாள், இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னைக் கேட்காத கேள்வி, எனக்குத் தெரியலம்மா, நான் ரொம்ப வருசமா ஒண்ணையே சொல்லிட்டேன், இப்ப அவரு முகமே எனக்கு வரலை, என்றேன், அவள் ஆச்சரியப்படவில்லை, உங்களுக்குமா என்றாள், அவ்வளவுதான், அப்போ நான் பல்லியே சொல்லிடறேன் டீச்சர் என்று போய்விட்டாள்.

கடைசி நாள், ஹாலில் நாற்காலிகள், மேசைமேல் பூங்கொத்து, பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆலை முதலாளி, கதர்ச் சட்டை, காதில் கருவி, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள், நான் கற்றுக்கொடுத்த இடங்களில் எல்லாம் நிறுத்துகிறார்கள், சரியாக வருகிறது, எனக்குத் தலை வலிக்கிறது. யோகலட்சுமி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். வணக்கம், எங்கப்பா பேரு முருகையன், உப்பளத்துல பாம்பு வந்தா வாலைப் புடிச்சுத் தூக்கி எறிவாரு, ஆனா வீட்டுல செவுத்துல பல்லி ஓடுனா யோகா யோகான்னு கத்திக்கிட்டுக் கட்டுலு மேல ஏறிடுவாரு. யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை, அம்மா திட்டும், நீயெல்லாம் ஆம்பளையான்னு, அவரு வெக்கப்படவே மாட்டாரு, பயமா இருக்குன்னா இருக்குதான், நீ போயி வெரட்டு சாமின்னு எங்கிட்ட வெளக்கமாத்தக் குடுப்பாரு, நான் அப்ப ஒண்ணாப்பு, வெரட்டிட்டு வந்தா கட்டுலுலேருந்து எறங்கி என்னையத் தூக்கிச் சுத்துவாரு, ஒருநாளு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வந்தாரு, ஹெட்மாஸ்டர் ரூம் செவுத்துல பல்லி இருந்துச்சு, என்னைய அப்புடியே தூக்கித் தனக்கு முன்னாடி புடிச்சுக்கிட்டுத்தான் அவருக்கு வணக்கம் சொன்னாரு, ஹெட்மாஸ்டர் என்னய்யா இதுன்னாரு, அய்யா புள்ள இருந்தாத் தைரியம்யான்னாரு. ஹால் முழுக்கச் சிரிப்பு, ஆலை முதலாளி நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரிக்கிறார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். எனக்குப் பயமா இருக்குன்னு புள்ளைங்கக்கிட்ட சொல்ற அப்பா அம்மாவோட புள்ளைங்க பயமில்லாம வளரும்னு நான் நம்பறேன், எனக்குப் பல்லிக்குப் பயமில்ல, ரத்தத்துக்குப் பயமில்ல, அதான் நர்ஸிங் கேக்கறேன், நன்றி, என்றாள். அவள் திரும்பும்போது ஆலை முதலாளியான அந்தப் பெரியவர் கேட்டார், ரொம்ப நல்லாச் சொன்னே கண்ணு, அப்பா இப்ப என்ன பண்றாரு. சம்பந்தம் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவரு இல்லைங்கய்யா, புயல்ல போயிட்டாரு என்றாள். சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது, அடடா, எப்படிம்மா, என்று பெரியவர் முன்னால் குனிந்தார், ஹாலே முன்னால் குனிந்தது. அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள், வாய் திறந்தது, எனக்குத் தெரியும், அந்தப் பேச்சு அவள் நாக்கு நுனியில் இருக்கிறது, சாயங்காலம், காற்று, பசு, கயிறு, எல்லாம் வரிசையாக நிற்கிறது, அவள் வாயை மூடிக்கொண்டு, மறுபடி திறந்து, அது பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கேங்கய்யா, படிச்சுக்கங்க, என்று மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

மதியச் சாப்பாட்டின்போது அந்தப் பெரியவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார், தட்டோடு அவள் எதிரில் உட்கார்ந்தார், எனக்கு லிப்டுன்னா பயம் கண்ணு, எம் மகன் அஞ்சாவது மாடியில வீடு வாங்கியிருக்கான், மூட்டு வலியோட படியேறித்தான் போறேன், நடக்கறது உடம்புக்கு நல்லதுன்னு அவங்கிட்டப் பொய் சொல்லி வெச்சிருக்கறேன், என்று சொல்லிச் சிரித்தார், சொல்லிடுங்கய்யா, பேரப்புள்ளையக் கையப் புடிச்சுக்கிட்டு ஏறுங்க என்றாள் அவள், அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். யோகலட்சுமியின் பெயர் இல்லை. சம்பந்தத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது. அவள் தன் பையை எடுத்துக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போகும் மற்றப் பிள்ளைகளோடு வேனுக்கு நடந்தாள், நான் பின்னாலேயே போனேன், கண்ணு என்றேன், பரவால்ல டீச்சர், அழுகையா வருது, ஆனா பரவால்ல, என்றாள், வேன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள், வீட்டுக்குப் போயி அம்மாக்கிட்ட பல்லியச் சொல்லணும் டீச்சர், அது மறந்திருக்கும். பிறகு ஜூன் மாதம் போன் செய்தாள், பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேதியியல் கிடைத்திருக்கிறதாம், நர்ஸிங் இல்லையே என்றேன், இல்லதான் டீச்சர் என்றாள், நான் சொன்னதுக்கு அம்மா அப்பாவப் பத்தி இன்னும் நாலு சொல்லுச்சு டீச்சர், ராத்திரி சோறு திங்காம சிரிச்சோம், என்றாள், பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டாள். அடுத்த மேயில் சம்பந்தம் கூப்பிட்டபோது வருகிறேன் என்றேன், ஆனா மாதிரிக் கதை சொல்ல மாட்டேன் சார், பிள்ளைங்க எதைச் சொன்னாலும் அதைத் திருத்தவும் மாட்டேன், என்றேன், அப்ப எப்படி டீச்சர் என்றார் அவர்.

ஆனால் அன்று, வேன் போனபின், நானும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், ஜன்னலோரம், சாய்ந்த வெயில் மடியில் விழுகிறது, உடம்பு முழுக்க அசதி, பஸ் திருவெறும்பூரில் நின்று நின்று போகிறது, நான் எதையும் தேடவில்லை, தேடுகிற தெம்பும் இல்லை, கண் செருகுகிறது, அப்போது அவர் வருகிறார், எங்கள் கீழராஜவீதித் தெருமுனையில் சலூன்காரர் கடையிலிருந்து ஓடி வருகிறார், கழுத்தில் சலூன்காரரின் வெள்ளைத் துணி, ஒரு கன்னம் மழித்திருக்கிறது, ஒரு கன்னம் நிறைய சோப்பு நுரை, பின்னாலேயே சலூன்காரர் கத்தியோடு சார் சார் என்று வருகிறார், இவர் வாசலில் நின்றுகொண்டு, ஏய், வா வா, செல்வாவைத் தூக்கிக்கிட்டு வா, யானை வருது, கோயில் யானை நம்ம தெருவுல வருது, என்று கூவுகிறார், நான் அடுப்பை அணைக்காமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன், அடுப்பில் என்ன இருந்தது, ரசம், ரசம் பொங்கியிருக்கும், தெருவில் வெயில், நல்ல வெயில், அவர் முகத்தில் நுரை காய்ந்து இழுக்கிறது, பேச முடியாமல் கோணிக்கொண்டு சிரிக்கிறார், மேல்பல்லில் ஒன்று கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது, அதை நான் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், யானையின் மணிச் சத்தம் தெருத் திரும்புகிறது, பக்கத்து சீட்டுப் பெண், ஏங்க, இறங்கற ஊர் தாண்டிடப் போகுது, எங்க இறங்கணும் நீங்க, என்கிறாள், கொஞ்சம் இரும்மா, கொஞ்சம் இரு, என்கிறேன், இன்னும் யானை வரவில்லை.